மூன்று மாதம் ஆகட்டும்

என் தங்கச்சி லோகேஸ்வரியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஒடம்பு எளைக்க ஆப்பரேசன் செஞ்சு இப்படி ஆயிருச்சாமே?" கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே டாக்டரிடம் அதே ஆப்பரேஷன் செய்துகொண்ட ரஹாங் ஊர்க்காரி ஒருத்தி இன்றைக்குச் சீனி வியாதியும் இல்லாமல், பிரஷரும் இல்லாமல் காலையில் திடலைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறாள். ஆப்பரேஷனில் சிக்கல் வரலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். வந்தது. செய்ய வேண்டியதைத்தான் யாரும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று சொன்னால் கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

லோகாவை லுக்குட் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை முகுந்தன் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான், குடிக்க மாட்டான். மாமியார் லெட்சுமி அத்தை. நான் பகாவில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலை நடத்துகிறேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள்.

லோகா தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டினாள். சின்ன வயதிலிருந்தே அவள் பெரிய உடம்புக்காரி. வேனில் அவள் ஏறினால் அந்தப் பக்கம் ஒரு முறை சாயும். பிள்ளைகள் "ஓ..." என்று கத்துவார்கள். அவளே சேர்ந்து கத்துவாள். "ஏறுங்கலா ராசாமாருங்களா, வேனு நிமிந்துருச்சி" என்பாள். எந்தப் பிள்ளைக்கு வளைவில் குமட்டும், எதன் அம்மா இரவு வேலை, எது தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டுப் பாதி வழியில் அழும், எல்லாம் அவள் மண்டைக்குள் இருந்தது. ஒரு நாள்கூட ஒரு பிள்ளையை மறந்து விட்டுவிட்டு வந்தவள் இல்லை. சின்ன வயதில் நான் அவளைத் திட்டிய திட்டையெல்லாம் வரி மாறாமல் திருப்பிச் சொல்வாள், பாவி.

ஊரார் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவள் வீட்டில் பிள்ளை இல்லை. ஒன்பது வருஷம். போகாத கோவில் இல்லை, சுற்றாத மரம் இல்லை. கடைசியில் சிரம்பானில் ஒரு பெண் டாக்டர், "மாதவிலக்குச் சரியாக வராததற்கு உடம்புதான் முக்கியக் காரணம். எடையைக் குறை, பிறகு பார்க்கலாம்" என்றார். லோகா பட்டினி கிடந்தாள், நடந்தாள், கசப்புக் கசப்பாக என்னென்னவோ குடித்தாள். நாலு கிலோ இறங்கினால் ஐந்து கிலோ ஏறியது. அப்போதுதான் ஆப்பரேஷன் பேச்சு வந்தது. வயிற்றை ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பையாக்கி, குடலை மாற்றி இணைப்பார்களாம். முகுந்தனுக்கு இஷ்டமே இல்லை. எனக்கும் இல்லை. "நீ இருக்கிற அழகுக்கு என்னாடி கொறச்சல்?" என்று போனில் கத்தினேன்.

"அழகு யாருக்குக்கா வேணும்? எனக்குப் புள்ள வேணும்" என்றாள்.

சரி, நாளைக் குறி என்றேன்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டர் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். லெட்சுமி அத்தையும் இருந்தார். இனிமேல் கோழி கொத்துகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும். சத்து மாத்திரையை ஆயுசுக்கும் விடக் கூடாது, ஏனென்றால் சின்ன வயிறும் மாற்றிய குடலும் சோற்றிலிருந்து சத்தை முழுசாக எடுக்காது. வாந்தி நிற்காமல் வந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். ஒன்றரை வருஷத்துக்குக் கர்ப்பம் கூடாது, உடம்பு தாங்காது. லோகா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்றர வருசம்தானேக்கா. ஒம்போது வருசம் போச்சு, இது என்னா பெரிசு" என்று சிரித்தாள்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. நான் பார்க்கப் போனபோது நாலு கரண்டி கஞ்சியைக் குடித்துவிட்டுப் பெரிய விருந்து உண்டவள் மாதிரி ஏப்பம் விட்டாள். இடுப்பில் பாவாடை நிற்கவில்லை என்று ஊக்கு குத்தியிருந்தாள். கோவில் திருவிழாவில் ஆசைக்கு ஒரு வாய் கேசரி தின்று, நெஞ்சு படபடத்து வேர்த்துக் கொட்டிப் படுத்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள். இனிப்பு அந்தச் சின்ன வயிற்றிலிருந்து குடலுக்குள் மொத்தமாகச் சரிந்துவிடுவதால் வருகிறது, பயப்பட வேண்டாம், இனிப்பைத் தொடாதே என்றார்கள். அவளும் தொடவில்லை. அவ்வளவு ஒழுங்காக இருந்தவள்தான்.

மூன்றாவது மாதம் வாந்தி ஆரம்பித்தது. முதலில் சோறு தங்கவில்லை. பிறகு கஞ்சி. பிறகு பச்சைத் தண்ணீர். அந்த மாதம் அவளுக்குத் தீட்டும் வரவில்லை.

வேறு எந்த வீடாக இருந்தாலும் வயிற்றில் கத்தி வைத்தவள் வாந்தி எடுக்கிறாளே என்று பதறியிருப்பார்கள். ஒன்பது வருஷம் ஏங்கிக் கிடந்த வீடு அது. லெட்சுமி அத்தை மருமகளைச் சமையலறை வாசலில் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "மசக்கடி இது" என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு அழுதாராம். முகுந்தனும் அழுதானாம். லோகா சாமி படத்துக்கு முன்னால் போய் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? மூன்று மாதம் ஆகவில்லை! முழுகாமல் இருப்பதை மூன்று மாதம் முடிகிற வரை வெளியில் சொல்லக் கூடாது, கண்ணு பட்டுவிடும், கரு தங்காது. நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடுதான். என் பெரியவன் வயிற்றில் இருந்தபோது நானும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். லெட்சுமி அத்தை அதைக் கூடப்பிறந்தவளுக்கும் சேர்த்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துப் போட்டார். ஒன்றரை வருஷம் ஆகட்டும் என்ற டாக்டரிடம் போய் நின்றால் திட்டுவார்கள், கலைக்கச் சொல்வார்கள் என்று பயம். அதனால் அந்த மாதம் போக வேண்டிய செக்கப்புக்கு அனுப்பவில்லை. கடைசியில் இன்னொரு காரியமும் செய்தார். வயிற்றுப் பிள்ளைக்கு மருந்து மாத்திரை ஆகாது என்று அந்தச் சத்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

லெட்சுமி அத்தையைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். லோகாவுக்கு ஆப்பரேஷன் முடிந்த புதிதில் அவர் கையால் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டியதை நானே பார்த்தேன். மாங்காய் வேண்டுமா, ஆசாம் வேண்டுமா என்று லுக்குட் பாசாரில் புளித்ததையெல்லாம் வாங்கி வந்து குவித்தாராம். அவள் எல்லாவற்றையும் வாந்தி எடுப்பாள். "எடு தாயி, எடு. எடுக்க எடுக்கப் புள்ள நல்லா நிக்கிது" என்று முதுகைத் தடவிவிடுவாராம். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

அந்த நாட்களில் நான் போன் செய்தால் லோகா குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும்.

"என்னாடி, ஒடம்பு சரியில்லயா?"

"அசதிதாங்க்கா. ஒன்னுமில்ல. ஒங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

"சொல்லித் தொலையேன்."

"இப்ப இல்ல. கொஞ்ச நாளு போகட்டும்." சொல்லிவிட்டுக் களுக்கென்று சிரிப்பாள். புது வேன் எடுக்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

உடம்பு மிகவும் தளர்ந்ததும் மாமியார் ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப்போய், மசக்கை, ஒன்றும் தங்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஆப்பரேஷனைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த டாக்டர் பாவம், சொன்னதைக் கேட்டுச் சீனித் தண்ணீர் டிரிப் ஏற்றி அனுப்பினார். மறுநாள் காலையில் லோகா வேனை எடுத்தாள். எழுந்து நிற்கவே முடியாதவள், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டுமே என்று எடுத்தாள்.

அன்றைக்குக் காலையில் எனக்குப் போன் வந்தது. செய்தவள் பெவர்லி. லோகா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் பிள்ளைகள் இரண்டும் அந்த வேனில்தான் போகும்.

"அக்கா, லோகா வேன செம்பனைக்குள்ள ஓரமா நிப்பாட்டிட்டா. ரோடு ரெண்டா தெரியுதாம். எந்த ரோட்டுல போறதுன்னு எங்கிட்ட கேக்குறாக்கா. கண்ணு ரெண்டும் துள்ளுது. எறங்கி நடந்தா குடிச்சவ மாதிரி தள்ளாடுறா. நான் ஓடி வந்து புள்ளைங்கள எறக்கி வேற வண்டியில ஏத்திட்டேன்."

"முகுந்தன் எங்க? அத்த எங்க?"

"அவங்களுக்குச் சொல்லியாச்சு." குரலைத் தணித்துக்கொண்டாள். "அக்கா, இத ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. நான் வேதக்காரி, எனக்கு அந்தச் சாங்கியம்லாம் தெரியாது, நான் சொல்லிடுறேன். லோகா முழுகாம இருக்கான்னு சொல்றாங்க. ஆனா இது புள்ளத்தாச்சி மொகம் இல்லக்கா. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு ஒரு நொடி சந்தோஷமும் வந்ததே, அதை எங்கே போய்ச் சொல்ல! அடுத்த நொடியே டாக்டர் போட்ட ஒன்றரை வருஷக் கெடு நினைவுக்கு வந்தது. முகுந்தனுக்குப் போன் போட்டு, "தம்பி, ஒரு எடத்துலயும் நிக்கக் கூடாது. ஆப்பரேசன் செஞ்ச ஆஸ்பத்திரிக்கே நேரா கொண்டுட்டுப் போ" என்று அலறினேன். என் வீட்டுக்காரர் காரை எடுத்தார். வழியெல்லாம் நான் யாரை யாரையோ திட்டிக்கொண்டே போனேன்.

அவசரப் பிரிவில் லோகா கிடந்த கோலத்தைப் பார்த்து எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண்மணி இரண்டும் நிற்காமல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து, "அம்மா வந்துட்டியா" என்றாள். அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது.

டாக்டர் வந்து எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும், குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றதும் லெட்சுமி அத்தை அவருக்குப் பக்கத்தில் போய், தணிந்த குரலில் மலாயில் சொன்னார், மருமகள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள், கதிர் படக் கூடாது என்று. அங்கேயும் மூன்று மாதக் கணக்குத்தான். டாக்டர் இரத்தம் எடுக்கச் சொன்னார், வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு லெட்சுமி அத்தையிடமே சொன்னார். கர்ப்பம் இல்லை. இருந்த அறிகுறியும் இல்லை. எடை வேகமாக இறங்கி, பட்டினியும் சேர்ந்ததால் தீட்டு நின்றிருக்கிறது. அத்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வயிற்றுப் பையையும் குடலையும் இணைத்த இடத்தில் தழும்பு வளர்ந்து, துளை சுருங்கிப்போயிருந்தது. வாந்திக்குக் காரணம் அதுதான். சிலருக்கு இப்படி வரும், உடனே வந்தால் வாய் வழியாகக் குழாய் விட்டு ஒரு சின்ன பலூனை ஊதித் துளையை அகலமாக்கிவிடலாம் என்றார் டாக்டர். கேட்கிறபோது அவ்வளவுதானா என்று இருந்தது. துளையைவிட மோசமானது இன்னொன்று. வைட்டமின் பி ஒன் என்று ஒரு சத்து இருக்கிறதாம். உடம்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளாது, சில வாரத்தில் தீர்ந்துவிடும். அது இல்லாமல் மூளையால் சீனியைப் பயன்படுத்த முடியாது. வாந்தியில் பாதி போனது, மாத்திரையை நிறுத்தியதில் மீதி போனது. வெறும் சீனித் தண்ணீர் ஏற்றியதில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சமும் தீர்ந்திருக்கும் என்றார்.

"ஏன் மாத்திரையை நிறுத்தினீங்க?" என்று அவர் கேட்டார்.

நரம்பில் அந்தச் சத்தை ஊசி ஊசியாக ஏற்றினார்கள். அது ஏறின பிறகுதான் மற்றத் தண்ணீர். தெம்பு வந்ததும் பலூன் வைத்துத் துளையைப் பெரிதாக்கினார்கள், பிறகு இன்னொரு முறையும் செய்தார்கள். வாந்தி நின்றது. கண் ஆடுவது சில நாளிலேயே நின்றது. ஒன்று இரண்டாகத் தெரிவதும் சரியாகிவிட்டது. பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நான் மாரியாத்தாளைக் கும்பிட்டேன். பிழைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் முகுந்தன் என் பக்கத்தில் உட்கார்ந்து முதல் முறையாக நிறையப் பேசினான். "குச்சி வாங்கிட்டு வந்து டெஸ்ட் பண்ணிப் பாப்பமான்னு நான் கேட்டேங்க்கா. வேணாம்னுட்டா. ஒம்போது வருசமா ஒத்தக் கோட்டையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சி, இந்த ஒரு தடவ பாக்காம சந்தோசமா இருந்துட்டுப் போறனேன்னா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா. எப்படிக்கா அதுக்கு மேல கேப்பேன்?" அவனைத் திட்டத்தான் போய் உட்கார்ந்தேன். திட்டவில்லை. அவன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

வார்டில் ஒரு மத்தியானம் லோகா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். தெளிவான முகம், பழைய சிரிப்பு. காதில் சொன்னாள். "அக்கா, நான் முழுகாம இருக்கேன். யாருகிட்டயும் சொல்லிடாத. இன்னும் மூணு மாசம் ஆகல."

அவளுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன், பிள்ளை இல்லையடி, அது வேறு நோயடி என்று. அவள் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. பக்கத்துக் கட்டில்காரியும் சேர்ந்து அழுதாள். அழுது ஓய்ந்து, முகம் கழுவி, கொஞ்சம் கஞ்சி குடித்தாள். நான் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

"அக்கா, எப்ப வந்த?" என்றாள். "கிட்ட வாயேன், ஒரு விசயம் சொல்றேன்."

மறுபடியும் உண்மையைச் சொன்னேன். மறுபடியும் முதல் தடவை கேட்கிற மாதிரியே அழுதாள். அப்போது பக்கத்தில் இருந்த தாதி என் தோளைத் தொட்டு, "இனிமே சொல்லாதீங்க அக்கா. அவங்களுக்குப் புதுசா எதுவும் மனசுல நிக்காது. சொல்லுற ஒவ்வொரு தடவையும் அவங்களுக்குப் புதுசாத்தான் வலிக்கும்" என்றாள்.

கண் திரும்பியது, கால் திரும்பியது, ஞாபகம் மட்டும் திரும்பவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம் என்கிறார் டாக்டர். அப்படிச் சொல்கிறபோது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வேனை இப்போது பெவர்லி ஓட்டுகிறாள். லோகா வீட்டில் இருக்கிறாள். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் கேட்டால் தெரியாது. பழைய கதை கேட்டால் சொல்வாள். அந்த மசக்கை நாட்களோடு அவளுக்குக் காலம் நின்றுவிட்டது. மெலிந்து, முகவெட்டு எடுப்பாகி, சினிமாக்காரி மாதிரி இருக்கிறாள். பார்க்கிறவர்கள் அதையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள், அறிவு கெட்டவர்கள்.

சத்து மாத்திரையைத் தினமும் லெட்சுமி அத்தைதான் கொடுக்கிறார். ஆரம்பத்தில் லோகா வாயைத் திறக்க மாட்டாளாம். "மாசமா இருக்கேன், மாத்திர ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்று தள்ளிவிடுவாளாம். கட்டாயப்படுத்தினால் துப்பிவிடுவாளாம். இப்போது அத்தை வேறு மாதிரி சொல்கிறார். "இது புள்ளைக்கு, தாயி. புள்ள நல்லா வளரும்." உடனே வாங்கி மென்றுகொள்கிறாள். நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பார்க்கிறேன். கொடுத்துவிட்டு அத்தை பின்கட்டுக்குப் போய்விடுவார். அவர் எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். நான் பின்னாலேயே போனதில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமையும் போனேன். லோகா முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் கார் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்துபோயிற்று. உள்ளே மாமியார் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அக்கா, ஒன்னு சொல்லுவேன். சத்தம் போடக் கூடாது."

"போடல. சொல்லு."

"முழுகாம இருக்கேன்க்கா."

"நெசமாவாடி!" என்றேன். இந்தச் சந்தோஷத்தை ஒவ்வொரு வாரமும் புதிதாகத்தான் முகத்தில் கொண்டுவர வேண்டும். வந்துவிடுகிறது. அவள் முகத்தைப் பார்த்தால் வந்துவிடும். "எத்தன மாசம்?"

"ரெண்டு முடியப் போவுது. அத்த யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க, மூணு மாசம் ஆகட்டும்னு. என்னால முடியலக்கா. வயித்துலயே வச்சிக்கிட்டு இருக்க முடியல."

அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. அந்த எலும்புக் கையை நான் எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். இத்தனை நாளும் கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்திருந்ததை அன்றைக்கு என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன்டி, இத எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கக் கூடாது?"

லோகா என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"ஐயே, இப்பதானே சொல்றேன்? ஒங்கிட்ட சொல்லாம நான் வேற யாருகிட்ட சொல்லப் போறேன்?"

"ஆமாடி. சொல்லிட்ட" என்றேன்.